மாநிலங்களவை முடிந்தது, அடுத்து என்ன? காயிதே மில்லத் மஞ்சேரிக்குப் போன கதை

1962 பிப்ரவரி. நாட்டின் மூன்றாவது பொதுத்தேர்தல். காயல்பட்டினம் அடங்கிய திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில், எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க ஒருவர்கூட ஓட்டுப் போடவில்லை. புறக்கணிப்பு, போராட்டம் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். எதிர்த்து நிற்க ஆளில்லை, அவ்வளவுதான். காங்கிரஸ் வேட்பாளர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி போட்டியின்றித் தேர்வானார். 1958-ல் முந்த்ரா விவகாரத்தில் நிதியமைச்சர் பதவியை இழந்தவர் அவர். மறுபடி டெல்லிக்குப் போக அவருக்கு ஒரு பாதுகாப்பான தொகுதி தேவைப்பட்டது. திருச்செந்தூர் அதைக் கொடுத்தது.

அதே தேர்தலில் இன்னொருவரும் டெல்லிக்குத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 65. அவருடைய மாநிலங்களவைப் பதவிக்காலமும் அதே 1958-ல்தான் முடிந்தது. காயல்பட்டினத்திலிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தள்ளி, திருநெல்வேலி பேட்டையில் பிறந்தவர். ஆனால் அவர் ஓட்டுக் கேட்டது தாமிரபரணிக் கரையில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், மலையாளம் பேசும் மஞ்சேரியில்.

எம். முஹம்மது இஸ்மாயில். காயிதே மில்லத் என்றால் உங்களுக்குச் சட்டென்று தெரியும்.

சொந்த ஜில்லாவில் நிற்காமல் ஒருவர் ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், நம்ம தேர்தல் முறை எப்படி வேலை செய்கிறது என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும்.

பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்கும் மனிதர்

சென்னை திருவல்லிக்கேணியில் ஆட்டோ புக் பண்ணினால், ஆப்பில் காயிதே மில்லத் சாலை என்று வரும். அண்ணா சாலையில் அவர் பெயரில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. 1990-களில் சில வருடங்கள் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கே அவர் பெயர் இருந்தது. 1997-ல் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர் எடுக்கப்பட்டபோது அதுவும் போனது. காயிதே மில்லத் என்பது பட்டம். சமுதாயத்தின் தலைவர் என்று பொருள். முன்னால் கண்ணியமிகு என்று சேர்த்துச் சொல்வது தமிழ்நாட்டு மேடைகளின் வழக்கம். கட்சி வித்தியாசம் இல்லாமல் அப்படித்தான் சொல்வார்கள்.

பிறந்தது 1896 ஜூன் 5. தந்தை மியாகான் ராவுத்தர். காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் சூடுபிடித்த 1920-ல், பி.ஏ. தேர்வை எழுதாமல் விட்டுவிட்டு வெளியே வந்தவர்களில் இஸ்மாயிலும் ஒருவர். பிறகு சென்னையில் தோல் வணிகம். இன்று ஏற்றுமதி என்றால் ஐ.டி. ஞாபகத்துக்கு வருவதுபோல, அன்றைய சென்னை மாகாணத்தில் பதப்படுத்திய தோல் பெரிய ஏற்றுமதிச் சரக்கு. அந்தத் தொழிலில் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் முன்னால் இருந்தன. வியாபாரத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர் என்பதால் கணக்குத் தெரிந்தவர். இந்தக் கதை முழுக்கக் கணக்குதான்.

1946 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் முஸ்லிம் லீக் 28 இடங்களைப் பிடித்தது. காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சி. இஸ்மாயில் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார்.

28 இடம் எப்படிக் கிடைத்தது என்பது முக்கியம். அப்போது இருந்தது தனித்தொகுதி முறை. முஸ்லிம்களுக்கென்று ஒதுக்கிய இடங்களில் முஸ்லிம் வேட்பாளர்கள் நிற்பார்கள், முஸ்லிம்கள் மட்டுமே ஓட்டுப் போடுவார்கள். 1909-ல் மிண்டோ-மார்லி சீர்திருத்தத்தில் ஆங்கிலேயர் கொண்டுவந்தது. இதனால் காயல்பட்டினத்தில் ஒரு முஸ்லிம் ஓட்டு, மேலப்பாளையத்தில் ஒரு முஸ்லிம் ஓட்டு, கடையநல்லூரில் ஒன்று என்று சிதறிக் கிடந்தாலும், எல்லாம் ஒரே பெட்டியில் விழுந்த மாதிரி எண்ணப்பட்டன. அக்கம்பக்கத்தில் யார் எத்தனை பேர் என்பது பொருட்டே இல்லை.

இந்த முறை ஒழிந்தால் கட்சியும் ஒழிந்துவிடும் என்று அன்று பலர் நினைத்தார்கள். நினைத்ததில் நியாயமும் இருந்தது.

கலைத்துவிடுங்கள் என்றார்கள்

1947 ஆகஸ்டில் நாடு பிரிந்தது. பாகிஸ்தான் கேட்ட கட்சிக்கு இந்தியாவில் இனி என்ன வேலை? கேள்வி வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. முஸ்லிம்களுக்குள்ளேயே பலமாக எழுந்தது. டிசம்பரில் லக்னோவில் மௌலானா ஆசாத் கூட்டிய மாநாடு, மதத்தின் பெயரிலான கட்சிகளை விட்டு வெளியே வரும்படி முஸ்லிம்களைக் கேட்டுக்கொண்டது. வட இந்தியாவில் நேற்றுவரை லீகில் இருந்தவர்கள் பலர் காங்கிரஸில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். சிலர் பாகிஸ்தானுக்கே போய்விட்டார்கள்.

அதே டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீகின் கவுன்சில், கட்சியை இரண்டாகப் பிரித்தது. பாகிஸ்தான் பக்கத்துக்கு அமைப்பாளர் லியாகத் அலி கான். இந்தியப் பக்கத்துக்கு இஸ்மாயில். ஒருவர் கையில் ஒரு நாட்டின் அரசாங்கமே இருந்தது. இன்னொருவர் கையில் இருந்தது, யாரும் விரும்பாத ஒரு பெயர்.

1948 மார்ச் 10 அன்று சென்னையில், இப்போது ராஜாஜி மண்டபம் என்று நாம் சொல்லும் கட்டடத்தில் கூட்டம். கலைப்பதா, தொடர்வதா? தொடர்வது என்று முடிவானது. இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் தலைவராக இஸ்மாயில் தேர்வானார். சாகும்வரை அவர்தான் தலைவர்.

அது சுலபமான முடிவாக இருந்திருக்க முடியாது. காந்தி கொல்லப்பட்டு ஆறு வாரம்கூட ஆகாத நேரம். பஞ்சாபின் ரத்தம் காயவில்லை. லீக் என்ற பெயரைக் கேட்டாலே சந்தேகப்படும் சூழல். காங்கிரஸில் சேர்ந்திருந்தால் அவருக்கு நல்ல பதவி கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். அவரோடு இருந்தவர்கள் சிலருக்குக் கிடைத்தது. அவர் போகவில்லை.

தோற்ற வாதம்

அரசமைப்பு அவையில் அவர் மூன்று விஷயங்களுக்காக முக்கியமாகப் பேசினார். மூன்றிலும் அவர் கேட்டது கேட்டபடி கிடைக்கவில்லை.

1948 நவம்பர் 23 அன்று, பொது உரிமையியல் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, எந்தச் சமூகத்தையும் அதன் தனிநபர் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று திருத்தம் கொடுத்தார். ஏற்கப்படவில்லை. 75 வருடம் தாண்டியும் டிவி விவாதங்களில் ஓடுவது கிட்டத்தட்ட அதே விவாதம்தான்.

1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம். இந்த மண்ணின் பழமையான மொழியைத்தான் ஆட்சிமொழியாக ஏற்க வேண்டும் என்றால், அந்தத் தகுதி தமிழுக்கு உண்டு என்று அவர் வாதாடினார். தமிழ் அரசியலில் அவருக்கு இன்றுவரை நீடிக்கும் மரியாதையில் பெரும்பங்கு இந்தப் பேச்சுக்கு உண்டு. மேடைகளில் ஒவ்வொரு ஆண்டும் நினைவுகூர்கிறார்கள்.

மூன்றாவதுதான் நம் கதைக்கு வேண்டியது. 1949 மே மாதக் கடைசியில், மதச் சிறுபான்மையினருக்கான இடஒதுக்கீட்டையே எடுத்துவிடலாம் என்ற பரிந்துரையை சர்தார் படேல் அவையில் வைத்தார். இஸ்மாயில் எதிர்த்தார். ஒதுக்கீடு வேண்டும், அதோடு தனித்தொகுதி முறையும் தொடர வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். ஒரு சமூகத்தின் பிரதிநிதியை அந்தச் சமூகமே தேர்ந்தெடுத்தால்தான் அவர் உண்மையான பிரதிநிதி, இதனால் நாடு பிளவுபடாது என்பது அவர் தரப்பு. படேல் கடுமையாகப் பதில் சொன்னார். பிரிவினைக்குக் கொண்டுபோய் விட்ட பாதையே அதுதான் என்பது அவர் தரப்பு. ஐக்கிய மாகாணத்திலிருந்து வந்த பேகம் ஐஸாஸ் ரசூல், அவரும் லீகில் இருந்தவர்தான், தனித்தொகுதியும் வேண்டாம் ஒதுக்கீடும் வேண்டாம் என்று பேசினார். திருத்தம் தோற்றது.

இனி எல்லோருக்கும் ஒரே பெட்டி. யார் அதிக ஓட்டு வாங்குகிறாரோ அவர் எம்.பி. சிதறிக் கிடப்பவர்களின் ஓட்டு, சிதறிக் கிடப்பதாகவே எண்ணப்படும்.

ஐந்து எம்.எல்.ஏ.க்களும் ஒரு குலுக்கலும்

1952. புதிய முறையில் முதல் பொதுத்தேர்தல். அன்றைய சென்னை மாநிலம் இப்போதைய தமிழ்நாடு மட்டும் இல்லை. ஆந்திரப் பகுதி, மலபார், தென்கன்னடம் எல்லாம் சேர்ந்தது. சட்டமன்றத்தில் 375 இடம். லீகுக்குக் கிடைத்தது 5. பலம் இருந்தது மலபாரில்.

28 எங்கே, 5 எங்கே? கட்சி முடிந்தது என்று எழுதிவிடலாம். ஆனால் ஒரு திருப்பம். காங்கிரஸுக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை, 152 இடம்தான். ராஜாஜி ஆட்சி அமைக்கச் சின்னக் கட்சிகளின் ஆதரவு தேவைப்பட்டது. 5 பேருக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. கூட்டிக் கழித்துப் பார்க்கிற இன்றைய கூட்டணி அரசியலைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதுசில்லை, அன்றைக்குப் புதுசு.

அந்த ஆண்டு இஸ்மாயில் மாநிலங்களவைக்குத் தேர்வானார். மாநிலங்களவை எம்.பி.யை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். ஐந்து எம்.எல்.ஏ. ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது. மற்றவர்களின் ஓட்டும் விழுந்திருந்தால்தான் சாத்தியம்.

இன்னொரு சுவாரஸ்யம். முதல் மாநிலங்களவையில் யாருக்கு இரண்டு வருடம், யாருக்கு நான்கு, யாருக்கு ஆறு என்று குலுக்கல் போட்டார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறும் சக்கரம் சுழல ஆரம்பிக்க வேண்டுமே, அதற்காக. இஸ்மாயிலுக்கு முழு ஆறு வருடம் விழுந்தது. 1958 ஏப்ரல் வரை.

அந்த ஆறு வருடத்துக்குள் வரைபடம் மாறிவிட்டது. 1953-ல் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் வந்தன. மலபார் கேரளத்துக்குப் போனது. தமிழர்களுக்கு அது கொண்டாட்டமான நாள்தான். குமரி கிடைத்தது, செங்கோட்டை கிடைத்தது. ஆனால் லீகின் தலைவர் இருந்தது சென்னையில், லீகின் ஓட்டு இருந்தது மலபாரில். ஒரே ராத்திரியில் தலை ஒரு மாநிலத்திலும் உடம்பு இன்னொரு மாநிலத்திலுமாகப் போனது.

மலபார் எம்.எல்.ஏ.க்கள் இல்லாத சென்னைச் சட்டமன்றத்திலிருந்து ஒரு லீக் தலைவர் மறுபடி மாநிலங்களவைக்குப் போக வழியே இல்லை. பதவிக்காலம் முடிந்தது. முன்னாள் எம்.பி. ஆனார்.

61 வயதில் என்ன செய்வது?

அவர் மனதில் என்ன ஓடியது என்று நாம் சொல்ல முடியாது. முன்னால் இருந்த வழிகளைச் சொல்லலாம்.

ஒதுங்கிவிடலாம். கட்சித் தலைவராக மட்டும் இருந்து, தேர்தல் வேலையை இளைஞர்களிடம் விட்டுவிடலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை. அல்லது ஒரு பெரிய கட்சியில் சேர்ந்து அவர்கள் தரும் தொகுதியில் நிற்கலாம். அந்தக் கதவு 1948-லேயே திறந்துதான் இருந்தது. அதை அவரே மூடியவர். அல்லது சொந்த மண்ணில் நிற்கலாம்.

சொந்த மண்ணில் நிற்பதுதானே இயல்பு? இங்கேதான் காயல்பட்டினத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும்.

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே, கடலோரம் இருக்கும் ஊர். மார்க்கோ போலோ எழுதி வைத்த காயல் துறைமுகத்தின் பெயரைச் சுமந்து நிற்பது. கொற்கை, பழையகாயல், காயல்பட்டினம் என்று ஆறு மண்ணைக் கொட்டக் கொட்டத் துறைமுகம் இடம் மாறிக்கொண்டே வந்தது; கடைசியில் தூத்துக்குடிக்குப் போனது. இலங்கையோடு வியாபாரம், ரத்தினக் கற்கள், அரபுத்தமிழ் என்று தனக்கென ஒரு வாழ்க்கை கொண்ட ஊர். முஸ்லிம்கள் பெரும்பான்மை. திருநெல்வேலிச் சீமையில் லீகுக்கு ஒரு கோட்டை வேண்டும் என்றால் முதலில் இதைத்தான் நினைப்பீர்கள்.

ஆனால் 2011 கணக்கெடுப்பில்கூட இந்த ஊரின் மக்கள்தொகை சுமார் 40 ஆயிரம்தான். 1962-ல் இன்னும் குறைவு. அன்று நாடு முழுவதற்கும் 494 மக்களவைத் தொகுதிகள், மக்கள்தொகை 44 கோடிக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு தொகுதிக்குச் சராசரியாக எட்டரை, ஒன்பது லட்சம் பேர். காயல்பட்டினம் மொத்தமாக ஒரே சின்னத்தில் குத்தினாலும், திருச்செந்தூர் தொகுதியில் அது ஒரு மூலை. மேலப்பாளையமும் பேட்டையும் வேறு தொகுதி. கடையநல்லூர், தென்காசிப் பக்கம் இன்னொன்று. ஊர் ஊராகப் பார்த்தால் பலம். தொகுதி தொகுதியாகப் பார்த்தால் எங்கேயும் போதாது. தமிழ்நாடு முழுக்க இதே நிலைதான். 2011 கணக்கில் மாநில மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம், அதுவும் பரந்து கிடக்கிறார்கள்.

1949-ல் அரசமைப்பு அவையில் அவர் எதைப் பற்றிக் கவலைப்பட்டாரோ, அது அவருடைய சொந்த ஜில்லாவிலேயே கண்ணுக்குத் தெரிந்தது.

மலபார் அப்படி இல்லை. ஏறநாடு, வள்ளுவநாடு தாலுகாக்களில் மாப்பிள்ளை முஸ்லிம்கள் நெருக்கமாக வாழ்ந்தார்கள். அந்தப் பகுதி பிற்பாடு 1969 ஜூன் 16-ல் மலப்புரம் மாவட்டம் ஆனது. 2011-ல் அங்கே முஸ்லிம்கள் 70 சதவீதம். 1952-ல் மலப்புரம் என்ற பெயரிலும், 1957-ல் மஞ்சேரி என்ற பெயரிலும் அங்கிருந்து பி. போக்கர் சாகிப் மக்களவைக்குப் போயிருந்தார். அரசமைப்பு அவையில் இஸ்மாயிலோடு இருந்த மூத்தவர். தனித்தொகுதிக்காக 1947-லேயே வாதாடித் தோற்றவர்.

1962-ல் அந்த இடத்தில் இஸ்மாயில் நிற்பது என்று முடிவானது.

பாதுகாப்பான தொகுதியா?

இப்போது பார்த்தால் கையில் வைத்துக் கொடுத்த தொகுதி போலத் தெரியும். அன்று அப்படி இல்லை.

கேரளத்தில் 1960 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், லீக் மூன்றும் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகக் கைகோத்தன. வென்றன. லீகுக்கு 11 எம்.எல்.ஏ. ஆனால் அமைச்சரவையில் லீகுக்கு இடம் தரக் காங்கிரஸ் தயாராக இல்லை. சபாநாயகர் பதவி மட்டும் என்றார்கள். கே.எம். சீதி சாகிப் சபாநாயகர் ஆனார். 1961-ல் அவர் இறந்தபோது, அடுத்து சி.எச். முகம்மது கோயா வர வேண்டும் என்றால் லீகிலிருந்து விலகிவிட்டுத்தான் வர வேண்டும் என்று நிபந்தனை. விலகித்தான் வந்தார். உங்கள் ஓட்டு வேண்டும், உங்கள் பெயர் வேண்டாம் என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. சில மாதங்களில் சி.எச். பதவியை விட்டார். லீக் கூட்டணியை விட்டு வெளியே வந்தது.

ஆக 1962-ல் காங்கிரஸும் எதிரே, கம்யூனிஸ்டும் எதிரே. லீக் தனியாள். வேட்பாளரோ வெளிமாநிலத்துக்காரர், மலையாளம் அவர் தாய்மொழி இல்லை. தோற்றிருந்தால் ஒரு தனிமனிதரின் தோல்வியாக அது முடிந்திருக்காது. கட்சியைக் கலைக்காமல் வைத்திருந்த முடிவே தப்பு என்று ஊர் சொல்லியிருக்கும். தேசியத் தலைவரே தோற்றுவிட்டார், இனி எதற்கு இந்தக் கட்சி என்று கேட்டிருக்கும். எம்.எல்.ஏ.க்கள் ஓட்டில் மாநிலங்களவைக்குப் போவது ஒன்று. பொதுத்தொகுதியில், எல்லோரும் ஓட்டுப் போடும் பெட்டியில், அந்தப் பெயரைச் சொல்லி ஜெயிப்பது வேறு.

வென்றார். பக்கத்துக் கோழிக்கோட்டில் சி.எச். முகம்மது கோயாவும் வென்றார். மூன்றாவது மக்களவையில் லீகுக்கு இரண்டு எம்.பி.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். முஸ்லிம்கள் நெருக்கமாக வாழும் தொகுதியில் வென்றது, தனித்தொகுதி இல்லாமலே எல்லாம் சரியாகிவிடும் என்பதற்குச் சாட்சி ஆகாது. அவர் வாதம் தப்பு என்றும் அது நிரூபிக்கவில்லை, சரி என்றும் நிரூபிக்கவில்லை. பூகோளம் கைகொடுத்த இடத்தில் ஜெயித்தார். கைகொடுக்காத சொந்த ஊரில் நிற்கவே முடியவில்லை. இரண்டும் ஒரே மனிதரின் கதையில் இருக்கின்றன.

கூட்டணி என்ற மாற்று வழி

தனித்தொகுதி போன பிறகு, சிதறிக் கிடக்கும் ஓட்டுக்கு மதிப்பு வர ஒரே வழிதான் மிச்சம். இன்னொரு பெரிய கட்சியின் ஓட்டோடு அது சேர வேண்டும். 1952-ல் தற்செயலாகக் கிடைத்த பாடத்தை, 1967-ல் இஸ்மாயில் திட்டமாகவே செய்தார்.

அந்த வருடம் சென்னை மாநிலத்தில் அண்ணா தலைமையிலான கூட்டணியில் லீக் இருந்தது. ராஜாஜியின் சுதந்திரா கட்சியும் இருந்தது, மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்தது. காங்கிரஸ் தோற்றது, அண்ணா முதல்வர். கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் ஏழு கட்சி முன்னணி, அதிலும் லீக். 1959-ல் இதே இ.எம்.எஸ். ஆட்சியைக் கவிழ்க்க நடந்த விமோசனப் போராட்டத்தில் நின்ற கட்சி லீக் என்பதை நினைத்துப் பாருங்கள். எட்டு வருடம் கழித்து அவர் அமைச்சரவையில் லீகுக்கு இரண்டு அமைச்சர்கள். சி.எச். கல்வி அமைச்சர். சபாநாயகர் நாற்காலிக்குக்கூடக் கட்சியைத் துறந்துவிட்டு வா என்று கேட்கப்பட்டவர் அவர்.

இதைச் சந்தர்ப்பவாதம் என்று சொன்னவர்கள் அன்றும் உண்டு. ஒரு பக்கம் சுதந்திரா, மறுபக்கம் மார்க்சிஸ்ட் என்றால் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் அவருக்கு இருந்த வேறு வழி என்ன என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். தனியாக நின்றால் தமிழ்நாட்டில் பூஜ்யம். பெரிய கட்சியில் கரைந்தால் பெயர் போய்விடும். பெயரோடு இருக்க வேண்டும், சபைக்குள்ளும் இருக்க வேண்டும் என்றால் பேரம் பேசத்தான் வேண்டும்.

மஞ்சேரி அவரை 1967-ல் மறுபடி அனுப்பியது. 1971-ல் மூன்றாவது முறை. அப்போது அவருக்கு 74 வயது. அந்தத் தேர்தலில் இன்னொன்றும் நடந்தது: தமிழ்நாட்டில் பெரியகுளம் தொகுதியிலிருந்து லீகின் எஸ்.எம். முகம்மது ஷெரீப் மக்களவைக்குப் போனார். பெரியகுளம் முஸ்லிம் பெரும்பான்மைத் தொகுதி இல்லை. தி.மு.க. கூட்டணியில் கிடைத்த வெற்றி. தலைவருக்குத் தன் சொந்த மாநிலத்தில் கிடைக்காத இடம், அவர் போட்ட கூட்டணிக் கணக்கில் கட்சிக்காரர் ஒருவருக்குக் கிடைத்தது.

1972-க்குப் பிறகு

1972 ஏப்ரல் 5 அன்று சென்னையில் காயிதே மில்லத் காலமானார். மஞ்சேரியின் எம்.பி.யாக இருக்கும்போதே. திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1973 இடைத்தேர்தலில் மஞ்சேரியில் நின்று வென்றவர் சி.எச். முகம்மது கோயா.

அதற்குப் பிறகு மஞ்சேரியில் லீக் தோற்றது ஒரே ஒரு முறை. 2004-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் டி.கே. ஹம்சா ஜெயித்தார். 2009-ல் தொகுதி சீரமைப்பில் மஞ்சேரி என்ற பெயரே போய், 1952-ல் இருந்த மலப்புரம் என்ற பழைய பெயர் திரும்பி வந்தது.

தமிழ்நாட்டில் அவருடைய கட்சி 2016-ல் கடையநல்லூர் சட்டமன்றத் தொகுதியை வென்றது. மக்களவைக்கு 2019-லும் 2024-லும் ராமநாதபுரத்தில் ஏணி சின்னத்தில் கே. நவாஸ்கனி வென்றார். இரண்டுமே தி.மு.க. கூட்டணியில்.

காயல்பட்டினம்? 1986-ல் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து, வ.உ.சி. பெயரில் உருவான புதிய மாவட்டத்துக்குப் போனது. இப்போது அது தூத்துக்குடி மாவட்டம். மக்களவைத் தொகுதியும் தூத்துக்குடிதான். 2019-லும் 2024-லும் அங்கே கூட்டணி வேட்பாளர் தி.மு.க.வின் கனிமொழி. காயலின் லீக் கட்சிக்காரர்கள் இரண்டு முறையும் உதயசூரியனுக்குத்தான் ஓட்டுக் கேட்டார்கள்.